மிடிக் கோப்பும் இல்லத்து இசையாக்கமும்

இந்நாளில் மாணவர் பலர் கணிப்பொறியின் துணைகொண்டு தம் இல்லத்திலேயே இசையமைக்கின்றனர். அவர்க்குப் பெரிதும் பயன்படுவது மிடிக் கோப்பு. அதன் இயல்பை அறியாதார்க்கு விளையும் ஏமாற்றம் சிறிதன்று. யான் ஒருமுறை பிடிலுக்கென அமைத்த மெட்டொன்றை நண்பரொருவர்க்கு அனுப்பினேன். அவர் இல்லத்தில் அது பியானோவாய் ஒலித்தது! பிழை யாருடையது? கணிப்பொறியினுடையதன்று, என்னுடையதே. அஃது எங்ஙனமெனக் காண்போம்.

மிடிக் கோப்பினுள் ஒலி இல்லை. இன்ன சுரத்தை இன்ன நேரத்தில் இவ்வளவு அழுத்தத்துடன் தொடங்குக, இன்ன நேரத்தில் நிறுத்துக என்னும் கட்டளைகளே உள்ளன. ஒலிப்பதிவு சமைத்த உணவெனின், இது பாகம் செய்யும் முறையை எழுதிய ஏடாகும். ஆதலின் இதன் அளவும் மிகச் சிறிது. குறுந்தகட்டுத் தரமுடைய ஒலிப்பதிவு நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் கொள்ளும். முழுப் பாட்டொன்றின் மிடிக் கோப்போ பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கும்.

வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மின்னிசைக் கருவிகள் தம்முள் இணைந்து இயங்குதற்பொருட்டு இம்முறை 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதற்கு முன்னின்று உழைத்த அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுத்தாரோ காக்கெஹாஷியும் 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது பெற்றனர்.

இம்முறையில் சுரங்கள் 0 முதல் 127 வரை எண் பெறும். பியானோவின் நடு 'ஸி' 60 ஆகும். கட்டளைகள் 16 சானல்களில் செல்லும். 1991-இல் வகுக்கப்பட்ட பொது மிடி ஒழுங்கின்படி 10-ஆம் சானல் தாள வாத்தியங்களுக்கு உரியது. வாத்திய எண்களுள் 1 பியானோவையும் 41 பிடிலையும் குறிக்கும். யான் செய்த பிழை யாதெனின், 41 என்னும் எண்ணைக் கோப்பில் எழுதாது விட்டமையே. என் கணிப்பொறியில் பிடிலைத் தனியே ஏற்றியிருந்தமையால் குறை எனக்குப் புலப்படவில்லை.

இனி, பயில்வோர் கருத்திற் கொள்ளத்தக்கவை சில. கோப்பைச் செயலியுள் இட்டவுடன் அதன் வேகமும் உடன்வந்ததா என்று நோக்குக. பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய வாத்தியத்தை அமைக்க. காலப் பிறழ்ச்சியைத் திருத்தும் வசதியை அளவோடு கையாள்க. சுரமனைத்தையும் கட்டத்தில் நிறுத்தினால், வாசித்தவர் கைந்நயம் மறைந்துவிடும்.

நம் இசையை அமைப்போர்க்கு மற்றொன்றும் இன்றியமையாதது. கமகத்திற்கு உதவுவது சுரத்தை வளைக்கும் கட்டளை. அக்கட்டளையோ ஒரு சுரத்தை மட்டுமன்றி அச்சானலில் ஒலிக்கும் அனைத்தையும் வளைக்கும். மெட்டும் சுருதியும் ஒரே சானலில் இருப்பின், கமகந்தோறும் சுருதியும் உடன் அசையும். அசையும் சுருதியின்மேல் இராகம் நிற்குமோ? ஆகவே இவ்விரண்டையும் வெவ்வேறு சானல்களில் வைத்தல் வேண்டும்.

பிறர்க்கு அனுப்புங்கால் மிடிக் கோப்போடு ஒலிப்பதிவொன்றையும் சேர்த்து அனுப்புக. முன்னது திருத்துதற்கு, பின்னது கேட்டற்கு. இதனை முன்னரே அறிந்திருப்பின், என் பிடில் பியானோவாகியிராது.