ஆற்றோரக் கூடாரத்துக்கு இடம் தேர்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு, ஏரி, காட்டுப்பாதை ஆகியவற்றை ஒட்டிக் கூடாரம் அமைக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது அந்த நிலம் யாருடையது என்பதே ஆகும். காப்புக்காடு, அதாவது வனச் சட்டத்தின்கீழ் அரசு ஒதுக்கிக் காக்கும் காடு, அனுமதியின்றி நுழையக்கூடாத இடமாதலால், வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிப்பது இன்றியமையாதது.

வறண்ட ஆற்று மணற்படுகை எவ்வளவு சமமாகத் தோன்றினாலும் அதனைத் தவிர்க்க வேண்டும். ஏனெனில் மலையுச்சியில் பெய்யும் மழையோ மேலே உள்ள அணையின் நீர்த்திறப்போ, தங்கும் இடத்தில் ஒரு துளியும் விழாத நிலையிலும், திடீர் வெள்ளத்தைக் கொண்டுவந்துவிடும். கரையோரப் புதர்களில் செத்தையும் சுள்ளியும் சிக்கியிருக்கும் உயரம் முந்தைய வெள்ளம் தொட்ட மட்டத்தைக் காட்டுவதால், அதற்கும் மேலே, நீரிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமையும் மேட்டுநிலமே ஏற்றது. இத்தொலைவு நீரின் தூய்மையையும் காக்கும்.

யானை இலத்தியோ குளம்புத் தடங்களோ காணப்படும் வழி, விலங்குகள் நீர் அருந்த வரும் பாதையாகையால், அங்கே தங்குவது மனிதருக்கும் விலங்குக்கும் ஒருசேரத் தீங்காகும். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இல்லை என்பதைப் பகலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கோடையில் தீ மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குரங்கணியில் பரவிய காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் பலரின் உயிரைப் பறித்தது.