பம்பைப் பூட்டும் பொறுமை

எங்கள் வீட்டுக் குவாலிஸுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகிறது. டொயோட்டா நிறுவனம் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதித் தொழிற்சாலையில் தயாரித்து, 2000-ஆம் ஆண்டு முதல் விற்று, 2005-ஆம் ஆண்டில் இன்னோவாவுக்கு இடம் கொடுத்து நிறுத்திவிட்ட அந்த வண்டி, தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் சுமந்து சென்றது என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் ஏறி இறங்கிய அவ்வண்டியை விற்றுவிட யாருக்கும் மனம் வராமற்போகவே, அதன் க்ஷேமத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஸ்டீயரிங்கை ஒடித்தபோது, அது என் கைக்கு இணங்காமல் கல்லைப்போல் கனத்தது. அதனுடன், எஞ்சின் பக்கத்திலிருந்து யாரோ வலி பொறுக்காமல் முனகுவது போன்ற சத்தமும் எழுந்தது. ஊர் திரும்பியபின் கீழே குனிந்து பார்த்தேன். பவர் ஸ்டீயரிங் பம்பின் அச்சு வெளிவரும் இடத்தில் ஆயில் சீல் தேய்ந்து, சிவப்பு எண்ணெய் கசிந்து, தூசியோடு கலந்து கருஞ்சேறாகப் படிந்திருந்தது. ஊரிலிருந்த ஒரு பட்டறையில் பம்பைக் கழற்றிப் பிரித்துப் புதிய சீல் போட்டுப் பூட்டித் தந்தார்கள். காலையில் விட்ட வண்டி மதியத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷமும் பட்டேன். மூன்று வாரம் கழிவதற்குள் அந்த முனகல் திரும்பவும் வந்தது. பம்பையே மாற்றிவிட வேண்டும் என்பது அவர்களுடைய முடிவாக இருந்தது.

அந்த நிலையில்தான், திண்டுக்கல் புறவழிச்சாலை ஓரம் தகரக் கொட்டகை போட்டு நாற்பது ஆண்டுகளாக வேலை செய்துவரும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எந்த ஸ்பானரையும் கையில் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, என்னை அருகில் அழைத்துக் காட்டினார். தெளிந்த செந்நிறமாக இருக்க வேண்டிய எண்ணெய், ரோஜா நிறப் பாலை ஆற்றி ஊற்றியதுபோல் நுரைத்துக் கிடந்தது.

“பம்பு நல்லாத்தான் இருக்கு சார். அது காத்தைக் குடிக்குது. காத்து எந்த வழியா வருதுன்னு பாக்காம பம்பை மாத்தி என்ன செய்யறது?” என்றார்.

அவர் சொன்னதன் உட்பொருளை விளங்கிக்கொள்ள, அந்த யந்திரத்தின் தன்மையைச் சற்றே அறிந்துகொள்ளுதல் அவசியம். பம்பின் உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. அவ்வுருளையில் வெட்டப்பட்ட பிளவுகளில் மெல்லிய எஃகுத் தகடுகள் தளர்வாகச் செருகப்பட்டிருக்கின்றன. சுழற்சியின் வேகத்தால் அத்தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, நீள்வட்டமான உட்சுவரை உரசிக்கொண்டே சென்று, ஒரு பக்கத்தில் எண்ணெயை உறிஞ்சி மறுபக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அளவுக்கு எட்டக்கூடிய அழுத்தத்தோடு வெளியே தள்ளுகின்றன. நம் கைக்குப் பதிலாகச் சக்கரத்தைத் திருப்புவதும் அந்த எண்ணெயே. தகடுகள் தேயாமல் காப்பதும் அதே எண்ணெயே. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியாளர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கை 1926-இல் ஒரு காரில் பொருத்திக் காட்டினார். கிரைஸ்லர் நிறுவனம் 1951-இல் அதனைத் தன் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றுவரை இம்முறைக்குப் பெரும் சத்துருக்கள் இரண்டு: காற்று, அழுக்கு. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். காற்றுக் குமிழிகள் கலந்த எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுசெல்லாது, தகடுகளுக்கு மசகாகவும் நிற்காது. நான் கேட்ட முனகல் அந்தத் துன்பத்தின் குரலேயாகும்.

இங்கே வாசகர்கள் ஒரு பேதத்தை மனத்திற் கொள்ள வேண்டும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது கீச்சென்று கூரிய சத்தம் வந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் பட்டு வழுக்குகிறது என்று பொருள். அடித்தொண்டையில் முனகுவதுபோல் வந்தால், எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். இவ்விரண்டையும் காதால் பிரித்தறியப் பழகியவருக்குப் பாதிச் செலவு மிச்சம்.

அன்று பம்பை மறுபடியும் கழற்றி, அந்தப் பெரியவர் பூட்டியபோது நான் கூடவே நின்று கைகொடுத்தேன். முதலில் கைப்பிரேக்கைப் போட்டுப் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அவற்றின்மீது இறக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்குக் கீழேயும் கையை நீட்டக் கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. பிறகு, ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன், பம்பையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவித் துடைத்தார். துடைப்பதற்குப் பஞ்சு வேஸ்டைத் தொடாமல், நூல் பிரியாத சுத்தமான பழைய பனியன் துணியையே பயன்படுத்தினார். ஒரு நூலிழை உள்ளே போனாலும் வால்வில் சிக்கிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். கழற்றிய குழாய் வாய்களை அந்தந்தக் கணமே பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டினார்.

புல்லியின் நட்டை, பெல்ட் இன்னும் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும் என்பது நான் கற்ற முதற்பாடம். பெல்ட்டை எடுத்துவிட்டால் புல்லி கையோடு சுழலும். அதைப் பிடித்து நிறுத்தப் பம்பின் உடம்பில் எதையாவது முட்டுக்கொடுக்கத் தோன்றும். வார்ப்பு அலுமினியம் அதைத் தாங்காது. புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றவோ இறக்கவோ கூடாது என்பது அதனோடு சேர்ந்த பாடம். அச்சின்மீது விழும் ஒவ்வோர் அடியும் உள்ளேயிருக்கும் உருளையையும் தகடுகளையும் சென்று தாக்குகிறது. புல்லரை வைத்து இழுக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது அச்சிலுள்ள பிறைவடிவச் சிறு சாவி தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின் நட்டைப் போட வேண்டும்.

அழுத்தக் குழாய் பம்போடு சேரும் இடத்தில், யூனியன் போல்ட் நுழையும் குழாய் முனையின் இருபுறமும் இரண்டு செம்பு வாஷர்கள் உண்டு. முந்தைய பட்டறையில் பழைய வாஷர்களையே திரும்பப் போட்டிருந்தார்கள். பெரியவர் அவற்றுள் ஒன்றை வெயிலில் பிடித்துக் காட்டினார்: வட்டமாக ஒரு பள்ளம் பதிந்து, ஓரம் கத்தி முனைபோல் மேடாகியிருந்தது. செம்பு ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும். இரண்டாம் முறை அது வளைந்து கொடுத்து இடைவெளியை அடைக்காது. வழியில்லாத இடத்தில், அதைச் செந்தணலாகக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும் என்றும் சொன்னார். ஆயினும் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருளுக்காக இவ்வளவு பெரிய வேலையைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

விஷயத்தின் உயிர்நாடி உறிஞ்சு குழாயில் இருந்தது. ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் அந்த ரப்பர் ஹோஸ், எஞ்சினின் சூட்டில் இருபது ஆண்டு வெந்து, மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. அதன் கிளிப்பும் பிடிப்பை இழந்திருந்தது. அழுத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே பீறிடும், கண்ணில் படும். உறிஞ்சு குழாயிலோ பம்பு இழுத்துக்கொண்டேயிருப்பதால், எண்ணெய் ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று மாத்திரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கசிவு இல்லாததையே ஆரோக்கியத்தின் அடையாளமாக எண்ணி நான் ஏமாந்திருந்தது இவ்விடத்தில்தான். பழைய வண்டியில் பம்பைத் திரும்பப் பூட்டுவோர், உறிஞ்சு ஹோஸையும் கிளிப்புகளையும் பேரம் பேசாமல் புதிதாக மாற்றிவிட வேண்டும் என்பதை நான் இப்போது ஒரு விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். புதிய ஹோஸை, எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ரகமாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். தண்ணீர்க் குழாய் ரப்பர் எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும்.

குழாய்களை மாட்டுவதற்கு முன், பம்பின் உறிஞ்சு வாயில் புதிய எண்ணெயை ஊற்றி, புல்லியைக் கையாலேயே பல சுற்றுகள் சுழற்றினார். வறண்ட தகடுகள் முதற்சுற்றிலேயே உரசித் தேயாமல் இருப்பதற்கான முன்னெச்சரிக்கை அது. எந்த எண்ணெய் என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். குவாலிஸுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். எண்ணெய், வேறு சில கார்களுக்கு வேறு வகை. வண்டியின் கையேட்டைப் பாராமல், கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் சீல்கள் பாழாகும். ஆயில் டப்பாவின் அடியிலிருந்த வலையில் கரிய மண்டி அப்பியிருந்தது, அதையும் கழுவினோம். பிறகு, திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அக்குழாய் சேரும் வாயை அடைத்து, எஞ்சினை ஓட்டாமலே நான் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பத் திருப்ப, அவர் புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே வந்தார். காப்பி நிறத்தில் வந்துகொண்டிருந்த பழைய எண்ணெய் படிப்படியாகத் தெளிந்து மாதுளை நிறமானபோது நிறுத்தினோம்.

பெல்ட்டை இறுக்கும்போது பம்பின் மெல்லிய உடம்பில் கம்பியைக் கொடுத்து நெம்பக் கூடாது. பிராக்கெட்டிலோ அதற்கென அமைந்த இடத்திலோதான் நெம்ப வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பேரிங்கும் சீலும் கெடும். தளர்ந்தால் ஒடிக்கும்போது வழுக்கும். புதிய பெல்ட் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சற்றுத் தளரும் இயல்புடையது; ஆகையால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுதல் நலம்.

எல்லாம் பூட்டியாயிற்று என்று நான் சாவியைத் திருப்பப் போனபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவசரப்படாதீங்க சார். பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. இனிமேத்தான் காத்தை வெளிய அனுப்பணும்.”

“எஞ்சினைப் போட்டால் காற்று தானாக வெளியேறிவிடாதா, அண்ணே?” என்று கேட்டேன்.

“போட்டா மோரு கடையற மாதிரி கடைஞ்சிடும். அப்புறம் நுரை அடங்க நாளெல்லாம் காத்திருக்கணும்.”

முதல் பட்டறையில் கைவிடப்பட்ட கட்டம் இதுவே என்பது எனக்கு அப்போது புலனாயிற்று. முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்க, எஞ்சின் அணைந்திருக்க, ஸ்டீயரிங் பூட்டு விலகும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மிக மெதுவாக இருபது முறை ஒடித்தேன். ஒவ்வொரு முறையும் டப்பாவில் சிறு குமிழிகள் மேலே வந்து உடைந்தன. எண்ணெய் மட்டம் இறங்க இறங்க அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். குமிழிகள் வருவது நின்றபின் கால் மணி நேரம் அப்படியே விட்டோம். அதன்பிறகுதான் வண்டியை இறக்கி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, இடமும் வலமும் மாறி மாறி ஒடித்து, ஒவ்வொரு கோடியிலும் இரண்டு மூன்று விநாடி மாத்திரம் நிறுத்தினோம். ஃபுல் கட்டில் நீண்ட நேரம் பிடித்து நிற்பது எந்நாளும் கூடாது. அப்போது பம்பு தன் உச்ச அழுத்தத்தில் நின்று, எண்ணெய் சூடேறி, பம்பின் ஆயுளையே குறைத்துவிடும்.

கடைசியில் அவர் செய்த சோதனையை நான் மறக்கவே மாட்டேன். டப்பாவின் வெளிப்புறத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை நெடுக்காக ஒட்டி, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். எஞ்சினை அணைத்ததும் மட்டம் சற்றே உயர்ந்தது. அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், உள்ளே அமுங்கியிருந்த காற்று இப்போது விரிகிறது என்று அர்த்தம். ஆகவே காற்றெடுக்கும் வேலையை மறுபடி தொடங்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை விரற்கடை அளவு வித்தியாசம் வந்தது. அவர் முகம் சுளிக்காமல் மீண்டும் முன்பக்கத்தைத் தூக்கினார். மூன்றாம் தடவை இரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எண்ணெயில் நுரை இல்லை. பம்பில் சத்தமும் இல்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. புதிதாக வாங்கிய பொருள்கள் ஹோஸ், இரண்டு கிளிப்புகள், இரண்டு வாஷர்கள், ஒரு பெல்ட், எண்ணெய், இவ்வளவே. மாற்றியே தீர வேண்டும் என்று சொல்லப்பட்ட அந்தப் பழைய பம்பு, இரண்டு ஆண்டுகளாகச் சத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மலைப்பாதையில் அதே வளைவுகளில் ஸ்டீயரிங் இப்போது விரல்களுக்கு இணங்குகிறது.

கழற்றுவது ஒரு வேலை, பூட்டுவது வேறொரு வேலை என்பதே இந்த அனுபவம் எனக்குத் தந்த தெளிவு. கழற்றுவதற்குப் பலம் போதும். பூட்டுவதற்குச் சுத்தமும் சிரத்தையும் காத்திருக்கும் மனமும் வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பம்பு வேலைக்கு வண்டியை விடும்போது, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்காதீர்கள், உறிஞ்சு ஹோஸை மாற்றுவீர்களா, வாஷர் புதியதா, காற்றை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் நிதானமாக விடை சொல்கிறவரிடம் முழுநாளும் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.