கடைக்கு வேண்டிய ஆங்கிலம்: ஒன்றும் பலவும்



நம் கடைகளில் பில் போடும் பிள்ளைகள் இப்போதெல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள். கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டுகிறார்கள். ஆனால் லாரி ரசீதில் ஆங்கிலத்தில் ஒரு வரி குறிப்பு எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. எழுதினாலும் "டென் பேக் ரிசீவ்டு" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்டால், முன்னால் பத்து என்று எண் இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள். தமிழில் போதும். ஆங்கிலத்தில் போதாது.

"பத்து மூட்டை வந்தது" என்றுதான் நாம் சொல்கிறோம். "பத்து மூட்டைகள் வந்தன" என்று கடையில் நின்று பேசினால் சுமை தூக்குபவர் சிரிப்பார். இதைக் கொச்சை என்று எண்ண வேண்டாம். ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய சொற்களுக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூலே பெயர் வைத்திருக்கிறது. மரம், மாடு, மூட்டை எல்லாம் அந்த வகை. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒன்று என்றால் "பேக்", ஒன்றுக்கு மேல் என்றால் "பேக்ஸ்". முன்னால் எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசியில் எஸ் விழுந்தாக வேண்டும்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு லாத்தூரிலிருந்து துவரம்பருப்பு 40 மூட்டை வந்தது. வழியில் தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கியதில் 6 மூட்டை நனைந்துவிட்டது. கடைப் பையன் ரசீதில் "பேக் வெட்" என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். பிறகு நஷ்டஈடு கேட்டபோது லாரி ஆபீஸில் அந்த வரியைக் காட்டி, "ஒரு மூட்டைதானே நனைந்திருக்கிறது" என்றார்கள். எண்ணும் இல்லை, எஸ்ஸும் இல்லை. அந்த டிரைவர் அதற்குள் வேறு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் நடந்து, இரண்டு மூட்டைக்குப் பணம் வாங்கியதோடு கடைக்காரர் விட்டுவிட்டார். "சிக்ஸ் பேக்ஸ் வெட்" என்று மூன்றே சொல் இருந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எண்ணை இலக்கத்தில் மட்டும் எழுதாமல் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

சரி, எஸ் போடும் முறைக்கு வருவோம். இதற்கு இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் ஒருமுறை நடந்தால் நம் பெயர்ப்பலகைகளே பாடம் சொல்லும். டிரேடர் பலர் சேர்ந்தால் டிரேடர்ஸ். பிரதர், பிரதர்ஸ். சன், சன்ஸ். இவை வெறும் எஸ் சேரும் சொற்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலானவை இப்படித்தான். ஏஜென்சி என்பது ஒய் எழுத்தில் முடியும். பலகையில் ஏஜென்சீஸ் என்று எழுதும்போது பாருங்கள், ஒய் போய்விட்டு ஐ, ஈ, எஸ் வந்திருக்கும். இண்டஸ்ட்ரி, கம்பெனி, பேட்டரி எல்லாம் அதே வழி. ஆனால் ஒய்க்கு முந்திய எழுத்து ஏ, ஈ, ஓ, யூ போன்ற உயிரெழுத்தாக இருந்தால் ஒய் அசையாது. முட்டை அடுக்கும் டிரே, டிரேஸ் ஆகும். சாவி என்ற கீ, கீஸ் ஆகும்.

"ஸ்டோர்ஸ்" பற்றிப் பலருக்குச் சந்தேகம் உண்டு. ஒரே கடைதானே இருக்கிறது, ஏன் ஸ்டோர்ஸ் என்று போடுகிறோம்? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சேர்த்து வைத்த சாமான்கள் என்றும் பொருள் உண்டு. சாமான் பல இருப்பதால் ஸ்டோர்ஸ். ஆகவே பலகையை மாற்ற வேண்டாம். அதேபோல் பில்லில் கடைப் பெயருக்கு முன்னால் எம் போட்டு, கோடு போட்டு, எஸ் போடுகிறோமே, அது "மெசர்ஸ்" என்பதன் சுருக்கம். மிஸ்டர் என்பதன் பன்மை அது. பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பங்குதாரர் பலர் உள்ள கடைக்கே முறைப்படி பொருந்தும். நம் நாட்டில் ஒற்றை ஆள் கடைக்கும் போட்டுப் பழகிவிட்டோம். தவறு என்று யாரும் பில்லைத் திருப்பப் போவதில்லை.

பாக்ஸ், கிளாஸ், பிரஷ், பஞ்ச் போன்ற சொற்களில் வெறும் எஸ் சேர்த்தால் வாயில் நுழையாது. அதனால் ஈ, எஸ் இரண்டும் சேரும்: பாக்ஸஸ், கிளாஸஸ், பிரஷஸ், பஞ்சஸ். சிவகாசித் தீப்பெட்டியில் "சேஃப்டி மேட்சஸ்" என்று அச்சிட்டிருப்பதைப் பையனிடம் காட்டுங்கள், மறக்கமாட்டான். பொட்டேட்டோ, டொமேட்டோ, மேங்கோ ஆகியவற்றுக்கும் ஈ, எஸ் போடுவதே வழக்கம். கிலோவுக்கு மட்டும் வெறும் எஸ். மிளகாய்க்குச் "சில்லி" என்று எழுதும்போது கடைசி எழுத்து ஐ. பன்மையில் ஈ, எஸ் சேர்த்துச் சில்லீஸ். ஐக்குப் பதில் ஒய் போட்டால் அது குளிர் என்று பொருள்படும் வேறு சொல். எத்தனையோ பாக்கெட்டுகளில் நாம் குளிர்ப் பொடி விற்றுக்கொண்டிருக்கிறோம்!

எஃப் முடிவுகள் சில வி ஆக மாறும். பிரிஞ்சி இலை ஒன்று "பே லீஃப்", பல என்றால் "பே லீவ்ஸ்". ஷெல்ஃப், ஷெல்வ்ஸ். நைஃப், நைவ்ஸ். சேல்ஸ்மேன் பலர் சேல்ஸ்மென். சைல்டு, சில்ரன். இவற்றைப் பள்ளியிலேயே படித்திருப்பார்கள்.

மளிகைக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எண்ண முடியாத சரக்குகளை. அரிசியை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணி விற்பதில்லை. ஆகவே ரைஸ், சுகர், சால்ட், வீட், ஆயில், ஜாகரி, டர்மரிக், கார்லிக், ஜிஞ்சர் இவற்றுக்குச் சாதாரணமாக எஸ் கிடையாது. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் எஸ். அரிசி மூட்டையில் எண்ணப்படுவது மூட்டை. "ட்வென்டி பேக்ஸ் ஆஃப் ரைஸ்" என்பதே சரி. "ட்வென்டி பேக் ஆஃப் ரைஸஸ்" என்று எஸ்ஸைக் கொண்டுபோய் அரிசியில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெங்காயம் எண்ணக்கூடியது, ஆனியன்ஸ். பூண்டு எண்ண முடியாதது, கார்லிக். பூண்டை ஏன் எண்ண முடியாது என்று என்னைக் கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் கணக்கு அப்படி. பூண்டின் பல்லை எண்ண வேண்டுமானால் "குளோவ்ஸ் ஆஃப் கார்லிக்" என்பார்கள். இதே குளோவ்ஸ்தான் கிராம்புக்கும் பெயர். ஆர்டரில் பின்னால் ஆஃப் கார்லிக் இருக்கிறதா என்று பார்த்துச் சரக்கு எடுக்க வேண்டும்.

"எடிபிள் ஆயில்ஸ்" என்று மண்டிகளில் எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே எஸ் எண்ணெயின் அளவைச் சொல்லவில்லை, வகையைச் சொல்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் என்று பல வகை உண்டு என்பதற்காக அது.

ஆர்டர் எழுதும்போது சொல் வரிசையும் காசு. "டென் டின்ஸ் ஆஃப் ஆயில்" என்றால் எண்ணெய் நிரம்பிய பத்து டின். "டென் ஆயில் டின்ஸ்" என்றால் எண்ணெய் டின் பத்து. காலி டின்னாகவும் இருக்கலாம். காலிச் சாக்கும் காலி டின்னும் தனி வியாபாரமாக நடக்கிற ஊர்களில் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. இன்னொன்றும் பாருங்கள். இரண்டு பெயர் சேர்ந்து வரும்போது முன் சொல்லுக்கு எஸ் வராது, பின் சொல்லுக்கே வரும்: எக் டிரேஸ், டீ பாக்கெட்ஸ், டூத் பிரஷஸ். 25 கிலோ மூட்டையை "ட்வென்டி ஃபைவ் கிலோ பேக்" என்கிறோம், கிலோவுக்கு எஸ் இல்லை. பத்து ரூபாய் நோட்டும் "டென் ருப்பீ நோட்"தான்.

விதிவிலக்கு உண்டு. "குட்ஸ்" என்ற சொல்லில் எஸ்ஸை எடுத்தால் நல்ல என்று பொருள் மாறிவிடும். 2017 ஜூலை 1 முதல் நாம் கட்டிவரும் ஜி.எஸ்.டி.யின் முழுப் பெயர் "குட்ஸ் அண்டு சர்வீசஸ் டாக்ஸ்". அதை "குட் அண்டு சர்வீஸ் டாக்ஸ்" என்று சொல்கிறவர்கள் அதை நல்ல வரி ஆக்கிவிடுகிறார்கள். கட்டுகிறவர்கள் கருத்து வேறு! பருப்பு வகைக்கு "பல்சஸ்". எஸ் இல்லாத பல்ஸ் டாக்டர் பார்ப்பது. ஓட்ஸ் எப்போதும் பன்மை. பட்டாணிக்கு ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்தில் "பீஸ்" என்பதே ஒருமைச் சொல். கடைசியில் எஸ் ஓசை கேட்கிறதே, பன்மை போலும் என்று எண்ணி மக்களே அதை வெட்டிப் "பீ" என்று புது ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். ஆங்கிலேயருக்கே அந்தக் கதி என்றால் நம் பையன்களைக் கோபித்து என்ன பயன்?

உளுந்து "பிளாக் கிராம்", பாசிப்பயறு "கிரீன் கிராம்". இந்தக் கிராமுக்கு எஸ் போடாதீர்கள். எடைக் கிராமுக்குத்தான் எஸ். "ஃபைவ் ஹண்ட்ரட் கிராம்ஸ் ஆஃப் பிளாக் கிராம்" என்றால் அரைக் கிலோ உளுந்து.

பணத்துக்கு வருவோம். ஒரு ரூபாய் நோட்டில் "ஒன் ருப்பீ" என்றும் பழைய இரண்டு ரூபாய் நோட்டில் "டூ ருப்பீஸ்" என்றும் அச்சிட்டிருப்பார்கள். முன்பு பில்லில் ஒரு ரூபாய்க்கு ஆர், ஈ என்றும் அதற்கு மேல் ஆர், எஸ் என்றும் எழுதினோம். 2010இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு வந்தபின் அந்த வேறுபாடு பில்லில் மறைந்துவிட்டது. குறியீட்டுக்கு ஒருமை, பன்மை இல்லை. பைசாவின் பன்மை "பைசாஸ்" அல்ல, "பைசே". செக் எழுதும்போது ருப்பீஸ் என்று தொடங்கி, "ட்வெல்வ் தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஒன்லி" என்று முடிக்கிறோம். எண்ணுக்குப் பின்வரும் தௌசண்ட், ஹண்ட்ரட் இரண்டுக்கும் எஸ் வேண்டாம். டஜனும் அப்படியே. மூன்று டஜன் "த்ரீ டஜன்". எண் சொல்லாமல் டஜன் டஜனாக என்னும்போதுதான் "டஜன்ஸ்".

ஜி.எஸ்.டி. தளத்தில் அளவுக்குக் குறியீடு தேர்ந்தெடுக்கும்போது கே, ஜி, எஸ் என்றும் என், ஓ, எஸ் என்றும் இருக்கும். ஆனால் மூட்டைக்குப் பி, ஏ, ஜி என்று எஸ் இல்லாமல் இருக்கும். அவை குறியீடுகள், அங்கே இலக்கணம் பார்த்துத் திருத்தப் போக வேண்டாம். மாறாக, நாமே பொட்டலம் போட்டு அச்சிடும்போது கிலோவுக்குக் கே, ஜி என்ற இரண்டு சிறிய எழுத்து மட்டுமே. கிராமுக்கு ஜி மட்டும். 1 கிலோவானாலும் 10 கிலோவானாலும் எஸ் சேராது. எடையளவுக் குறியீடுகளுக்குப் பன்மை கிடையாது என்பது உலகெங்கும் உள்ள முறை.

நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட சிலவற்றை எழுத்தில் விடக் கூடாது. "ஒரு சிப்ஸ் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்கட்டும்; ஆர்டர் புத்தகத்தில் ஒன் பாக்கெட் ஆஃப் சிப்ஸ் என்று ஏற வேண்டும். "பில்ஸ்கள்", "ஐட்டம்ஸ்கள்" என்று ஆங்கிலப் பன்மைக்கு மேல் தமிழ்ப் பன்மையும் ஏற்றுவது ஒரு மூட்டைக்கு இரண்டு கூலி கொடுப்பது போல. "ஈச்", "எவ்ரி" என்ற சொற்களுக்குப் பின் ஒருமைதான் வரும்: "ஈச் பேக்". எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு புள்ளிக் கொம்பு வைப்பது உடைய என்று காட்டத்தானே தவிரப் பன்மைக்கு அல்ல; பழக்கடைப் பலகை எழுதுகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

பன்மை வந்தால் வினையும் மாறும். ஒரு மூட்டை குறைந்தால் "ஒன் பேக் இஸ் ஷார்ட்". மூன்று குறைந்தால் "த்ரீ பேக்ஸ் ஆர் ஷார்ட்". இஸ், ஆர் இரண்டையும் மட்டும் பழக்கினால் ரசீதுக்குப் போதும்.

இரவு கடை அடைக்கும் முன் பையனிடம் இந்த நான்கையும் எழுதச் சொல்லிப் பாருங்கள்: சர்க்கரை 15 மூட்டை வந்தது. இரண்டு எண்ணெய் டின் ஒழுகுகிறது. முட்டை ஐந்து டஜன் அனுப்பவும். ஒவ்வொரு பெட்டியிலும் 24 பாக்கெட் உள்ளது.

விடை: "ஃபிஃப்டீன் பேக்ஸ் ஆஃப் சுகர் ரிசீவ்டு." "டூ டின்ஸ் ஆஃப் ஆயில் ஆர் லீக்கிங்." "ப்ளீஸ் சென்ட் ஃபைவ் டஜன் எக்ஸ்." "ஈச் பாக்ஸ் கன்டெய்ன்ஸ் ட்வென்டி ஃபோர் பாக்கெட்ஸ்." கடைசி வரியில் கன்டெய்னுக்கு ஏன் எஸ் என்று கூர்மையான பையன் கேட்பான். வினையில் வரும் எஸ் ஒருமைக்கு உரியது. பெயரில் வருவதற்கு நேர் எதிர். அதை அடுத்த பாடத்தில் பார்ப்போம்.