கஷ்டமான மேஜரா, நல்ல ஜிபிஏவா? அக்கா சொல்றேன்

நேத்து தேக்காவுல பிரியாணி ஆறிப்போற வரைக்கும் நீ விடல. "குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் எடுக்கவா, பிசினஸ் எடுத்து மார்க்கை அள்ளவாக்கா?" லிட்டில் இந்தியாவுல டவுன்டவுன் லைன் ஏறினா அஞ்சாவது ஸ்டேஷன்ல பேங்க் கட்டடங்க வந்துடும். ஆனா அதுக்குள்ள நுழையற வாசல் ஒண்ணு இல்லடி.

முதல்ல எந்த வேலைன்னு சொல்லு. டிரேடிங், ரிஸ்க் மாடலிங்னா கணக்கு வேணும். என்யூஎஸ்ல குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ், பிசினஸ் ஸ்கூல்ல இல்ல, சயன்ஸ் பக்கம் இருக்கு. இந்த வேலைக்கு ப்ராபபிலிட்டி தெரியாம ஜிபிஏ 5க்கு 4.8 வச்சிருந்தாலும் இன்டர்வியூல மாட்டிக்குவ. கார்ப்பரேட் பேங்கிங், ஆடிட்னா கதையே வேற. விண்ணப்பம் குவியும்போது முதல்ல சல்லடையா நிக்கிறது பெரும்பாலும் ஜிபிஏதான். ரியல் அனாலிசிஸோட நீ ராத்திரி பூரா மல்லுக்கட்டினது அந்தச் சல்லடைக்குத் தெரியாது.

மேஜரோட பேரைப் பார்த்தும் மயங்காத. 2011லேருந்து 2023 வரைக்கும் சிங்கப்பூர் மத்திய வங்கியான எம்ஏஎஸ்ஸை நடத்தின ரவி மேனன் என்யூஎஸ்ல படிச்சது பொருளாதாரம்.

இப்ப கணக்கு. என்யூஎஸ்ல ஏ மைனஸுக்கு 4.5, பி ப்ளஸுக்கு 4, பி-க்கு 3.5. மொத்தம் நாற்பது பாடம்னு வச்சுக்கோ. முதல் பத்துல சராசரி 3.5 வந்துட்டா, 4.5ஐத் தொட மிச்ச முப்பதுலயும் 4.83 வேணும். நடக்காதுன்னே வச்சுக்கோ. நாலைத் தொட 4.17 போதும். நான் முதல் வருஷம் வீம்புக்கு கஷ்டமான பாடமாப் பொறுக்கி எடுத்தேன். ரெண்டாம் வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு எழுதும்போது காட்டறதுக்கு அந்த மார்க்குதான் இருந்துச்சு. எனக்கு வந்த பதில்களை உன்கிட்ட காட்டவே இல்ல.

அதனால என்யூஎஸ்ல எஸ்யூவை, அதாவது ஒரு பாடத்தோட கிரேடை ஜிபிஏல சேராம பண்ற வசதியை, வீணாக்காத. 32 யூனிட் வரைக்கும் இருக்கு, ரிசல்ட் பார்த்துட்டே போடலாம். எல்லாப் பாடத்துக்கும் கிடையாது, உன் பேட்ச் விதியைப் படிச்சுக்கோ. எஸ்எம்யூ போனா அளவுகோல் 5 இல்ல, 4. அங்க 3.8ன்னா சுமா கும் லாடே, அதாவது உச்ச ஹானர்ஸ். என்யூஎஸ் தோழியோட 3.8ஐப் பக்கத்துல வச்சு அழாத.

இன்னொண்ணு, பாடம் மட்டும் கஷ்டம் இல்ல. பெல் கர்வ்ல பக்கத்து சீட்டும் கணக்குதான். ஒலிம்பியாட் பசங்க நிறைஞ்ச கிளாஸ்ல உன் ஏ, பி ஆகும்.

என் ஓட்டு? கணக்கு போடறப்ப உனக்கு நேரம் போறது தெரியலன்னா கஷ்டமானதையே எடு, நாலுக்குக் கீழ இறங்காம பாத்துக்கோ. கௌரவத்துக்காகன்னா வேணாம், பிசினஸ் எடு, கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டு பாடம், கொஞ்சம் பைதான்.

எதுன்னு தெரியலையா? ஞாயித்துக்கிழமை வா. என்கிட்ட பழைய லீனியர் ஆல்ஜிப்ரா டுடோரியல் இருக்கு. ரெண்டு மணி நேரம் உட்காரு, பார்ப்போம். பிரியாணி இந்தத் தடவை உன் செலவு.