அடும்பங்கொடி கற்பிக்கும் பாடம்

பெக்கோக் வட்டாரத் தோட்டங்களுக்கு அருகில் கடல் இல்லை. ஆயினும், விடுமுறை நாளில் மெர்சிங் போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களுக்குச் செல்வோர், மணல்மீது படர்ந்து இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் பூக்கும் கொடியொன்றைக் காணலாம். அதுவே அடும்பு. சங்கப் புலவர் நெய்தல் நிலத்தில் கண்டு பாடிய கொடியும் இதுவே. வெயில் படும் வீட்டு முற்றத்தில், மண்ணை மூடும் அழகுக் கொடியாக இதனை வளர்க்கலாம்.

தமிழில் இதற்கு ஆட்டுக்கால் என்றும் பெயருண்டு. மலாய் மொழியில் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரைக் குளம்பு. இரு பெயர்களும் இலையின் வடிவால் எழுந்தவை. தமிழகம், இலங்கைக் கரைகளில் இதன் இலை பெரும்பாலும் ஆழப் பிளவுபட்டு ஆட்டின் குளம்பை ஒத்திருக்கும். மலேசியக் கரைகளிலோ இலை அகன்று, நுனியில் மட்டும் சிறிது பிளந்திருக்கும். 1753இல் லின்னேயஸ் இவற்றை இரு வேறு இனங்களாகப் பெயரிட்டார். இன்று இவை ஒரே இனத்தின் இரு பிரிவுகள் எனக் கொள்ளப்படுகின்றன.

ஒரே கரையிலும் இலையின் அளவு, தடிப்பு, பூவின் நிறம் ஆகியவை கொடிக்குக் கொடி சற்று மாறலாம். இம்மாற்றம் பிறப்பால் வந்ததா, இடத்தால் வந்ததா? உப்புக் காற்றில் தடித்த இலை, நம் முற்றத்து மண்ணில் மெலிந்துவிடக் கூடும். பார்த்த அழகை நம்பிக் கொணர்ந்தவர் ஏமாறுவதும் இதனாலேயே.

பால்மரம் வெட்டும் நமக்கு விடை எளிது. ஒரு மரத்தின் விதைகளை ஊன்றினால் கன்றுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. பாலின் அளவும் வேறுபடும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற தேர்ந்த மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டினால் தாயின் குணம் அப்படியே தொடரும். ஆயினும், அதே ஒட்டுமரம் நல்ல மண்ணில் செழிக்கும். வறண்ட மண்ணில் வாடும்.

ஆகவே, இரண்டு மூன்று கொடிகளிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுத்து, ஒரே மண்ணில், ஒரே வெயிலில், இடைவெளி விட்டு நடுக. கணுக்கள் மண்ணுக்குள் இருந்தால் வேர்விடும். தண்ணீர் தேங்கலாகாது. சில மாதங்களில் மறையும் வேறுபாடு இடம் தந்தது. நிலைத்திருப்பது பிறப்பின் குணம். அதனை விதையால் அன்றி, துண்டு நட்டே பெருக்குக.

இரு எச்சரிக்கைகள். அடும்பு பல மீட்டர் ஓடும். அவ்வப்போது நறுக்குதல் வேண்டும். அவரை இன மூடுபயிர்களைப் போல் இது மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதில்லை; எனவே இளங்கன்றுகளின் வரிசைக்கு இது ஏற்றதன்று.

கடற்கரையில் மணலைக் காற்றும் அலையும் அரிக்காமல் பிடித்து வைப்பது இக்கொடியே. கொடியை வேரோடு பிடுங்கினால் கரைக்குக் கேடு. அரிய குணமுடைய கொடியும் அத்துடன் அழியலாம். அனுமதி பெற்று, ஒரு சாண் துண்டு மட்டும் எடுப்போம். தாய்க்கொடி கரையிலேயே வாழட்டும்.