மூன்று மாத வாக்குறுதி

குடியை விட விரும்பும் ஒருவரிடம், "சாகும்வரை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்" என்கிறோம். மறுவாரமே அவர் தவறணைக்குப் போனால், "இவன் திருந்தமாட்டான்" என்று கைவிட்டு விடுகிறோம். அயர்லாந்துத் தொழிலாளி மத்தேயு ரல்பொற் தொடங்கியதோ வேறு விதமாக.

1856இல் டப்ளின் நகரில் பிறந்த இவர், 12 வயதில் மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குப் போய்க் குடிக்கப் பழகினார். கூலியெல்லாம் அதற்கே போயிற்று. தெருவில் பிடில் வாசித்தவரின் பிடிலைக்கூடத் திருடி விற்றுக் குடித்தார். 1884இல் ஒரு நாள், கையில் காசின்றித் தவறணை வாசலில் நின்றார். இவர் காசில் குடித்தவர்களில் ஒருவராவது உள்ளே அழைக்கவில்லை. வீடு திரும்பி, குடியை விட வாக்குறுதி எடுக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற மனமில்லாவிட்டால் எடுக்காதே என்றார் தாய்.

அவர் எடுத்தது 3 மாதத்துக்கு மட்டுமே! பின்பு அதை நீடித்து, ஆயுளுக்கும் ஆக்கினார். பாவசங்கீர்த்தனம் செய்தார், நாள்தோறும் அதிகாலைப் பூசை கண்டார், வேலை முடிந்ததும் பழைய கூட்டாளிகளைத் தவிர்க்கக் கோவில்களுக்கு நடந்தார். பிடில்காரரைத் தேடிக் காணாமல், அந்தப் பணத்தை அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார். 1925இல் பூசைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975இல் இவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு வாரம் விடுகிறேன் என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். (நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம், முதலில் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.) மாலை நேரந்தான் அவருக்குக் கடினம். அந்நேரம் செபமாலைக்கு அழையுங்கள். வேலைத்தலத்திலிருந்து வீடுவரை பங்குச் சகோதரர் ஒருவர் அவரோடு கூட நடந்து வரட்டும்.