சார்ஜ் முழுதாக ஏறாத பற்றரி: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?



தீபாவளி லீவுக்கு ஒரு தம்பி கொலன்னாவையிலிருந்து லயத்துக்கு வந்திருந்தார். அங்கே அவருக்கு அலுமினியம் பொருத்தும் வேலை. வயர் இல்லாத துளையிடும் மெசினைக் காட்டி, "சேர், சார்ஜர்ல பச்சை லைட் எரியுது. ஆனா நாலு ஓட்டை போட்டதும் நின்னுடுது. பற்றரியைப் பிரிச்சுப் பார்க்கவா?" என்று கேட்டார். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருவருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதுவே இம்மாதப் பாடம்.

ஏன் முழுதாக ஏறுவதில்லை?

18 வோல்ட் லித்தியம் பற்றரிக்குள் 3.6 வோல்ட் வீதம் ஐந்து செல்கள் வரிசையாக இருக்கும். பெரிய பற்றரியில் இரண்டிரண்டாகப் பத்து செல்கள். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், மொத்தம் 21 வோல்ட். ஐந்து வாளிக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பதாக நினையுங்கள். ஒரு வாளி சிறியது. அது நிரம்பியதும் பைப்பை மூடினால் மற்ற நான்கும் அரைகுறைதான். ஒரு செல் கெட்டாலும் இதே கதைதான்.

நாமே செய்யக்கூடியவை

1. வேலை முடித்த கையோடு சூடாகச் சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். நுவரெலியாப் பக்கம் தை மாசியில் உறைபனி விழும் காலையில், குளிர்ந்து கிடக்கும் பற்றரியையும் உடனே சார்ஜ் செய்யக்கூடாது.

2. பிளக்கைக் கழற்றிவிட்டு, பற்றரியிலும் சார்ஜரிலும் உள்ள தகடுகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரும் கம்பியும் வேண்டாம்.

3. அதே வகையான நல்ல பற்றரியைச் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அது ஏறினால் சார்ஜர் நல்லது, பழுது பற்றரியில்தான்.

4. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பச்சை லைட் எரிந்த பின் அளக்கலாம். 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அந்தத் தம்பியின் பற்றரி 18 வோல்ட்தான் காட்டியது. செல் பழுது என்று விளங்கியது.

செய்யக்கூடாதவை

பற்றரியை உடைத்துத் திறப்பது, ஈயம் வைத்து ஒட்டுவது, வேறு பற்றரியிலிருந்து வயர் கொடுத்து உசுப்புவது மூன்றும் ஆபத்து. உள்ளே ஷோர்ட் ஆனால் நெருப்பு சீறிக்கொண்டு வரும். லயத்தில் எல்லோருக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுவதற்கும் போகும். வீங்கிய, அடிபட்ட, நனைந்த பற்றரியைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். நல்ல பற்றரியானாலும் மெத்தை மேல், வாசற்படியில், தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

செல் மாற்றுவது அதற்குரிய மெசின் உள்ள கடைக்காரர் வேலை. ஐந்தையும் ஒரே வகையில் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். செலவு புதியதன் விலைக்கு அருகே வந்தால் புதியதே மேல். அந்தத் தம்பியும் புதியதுதான் வாங்கினார்.

பழையதை எங்கே போடுவது?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொலன்னாவை மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பற்றரி காரணமல்ல. ஆனால் நாம் வீசுவது இன்னொருவர் வீட்டுப் பக்கத்தில்தான் குவிகிறது என்பதை அது காட்டியது. குப்பையில் நசுங்கும் பற்றரி தீப்பிடிக்கும். ஆகவே தகடுகளின் மேல் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேர்ப்பவரிடம் கொடுங்கள். அடுப்பிலோ தேயிலை மலையிலோ எறியாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.